கடலுக்கு நடுவே ஒரு ரோடு!

திம்பம் மலையில 27 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கின சத்தியமங்கலத்துக்காரனை, வளைவே இல்லாத ஒரு ரோடு பயமுறுத்தும்னா நம்புவீங்களா? தனுஷ்கோடி போய்ப் பாருங்க பாஸ்!

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர். ரெண்டு பக்கமும் கடல். 2017 ஜூலையில்தான் திறந்தாங்க. அதுவரை மணலிலும் தண்ணியிலும் குலுங்கிக் குலுங்கிப் போற வேன்தான்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல் ஊரையே வாரிச் சுருட்டிடுச்சு. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், ஸ்டேஷனைத் தொடும் முன்பே கடலுக்குள். அதில் மட்டும் 100 பேருக்கு மேல் பலி. மனுஷங்க வாழத் தகுதியில்லாத இடம்னு அரசாங்கம் அறிவிச்சது. இடிஞ்ச சர்ச் இன்னும் நிக்குது.

புது ரோட்டோரம் அலையைத் தடுக்கக் கல் அடுக்கியிருக்காங்க. படிக்கிறது சிவில் ஆச்சே, பந்தாவா போட்டோ எடுத்தேன். சர்ச் பக்கத்துல சங்கு, பாசி விக்கிற அக்கா சிரிச்சுட்டாங்க.

"கல்லைப் போட்டோ எடுக்கிற மொத ஆளு நீதான் தம்பி! கடல் பொங்குச்சுன்னா ரோட்டுல மணல் ஏறிரும். போலீஸ் வண்டியை விடாது. அன்னிக்கு எங்களுக்கு யாவாரமே இல்ல."

"பயமா இல்லையாக்கா?"

"ரோடு இல்லாதப்பவும் இங்கதான இருந்தோம்?"

பொழுது சாயும் முன்னே எல்லாரையும் கிளப்பிட்டாங்க. எங்க ஊர்ல ராத்திரி லாரியை நிறுத்தறது யானை, சிறுத்தைக்காக. இங்கே கடலுக்காக. அக்கா பாசிமணியெல்லாம் சாக்குல கட்டிக்கிட்டிருந்தாங்க. அவங்க குடிசை அங்கேயேதான்.