நடுப்பெட்டி பேசட்டும்!

முதுமையில் செவிப்புலன் குன்றத் தொடங்கும்போது, மனிதர் முதலில் இழப்பது பெரும்பாலும் ஒலியை அன்று, சொல்லைத்தான். இரைச்சல் எட்டும், பேச்சு விளங்காது. திரும்பத் திரும்பக் கேட்க நாணி, அவர்கள் மெல்ல ஒதுங்கிக்கொள்வார்கள். எங்கள் உம்மாவின் நிலையும் அவ்வாறே ஆயிற்று.

வளைகுடாவில் பணிபுரியும் என் இளவல் விடுப்பில் வந்தபோது, ஐந்து ஒலிபெருக்கிகளும் தாழ்சுருதிப் பெட்டி ஒன்றும் அடங்கிய ‘ஹோம் தியேட்டர்’ கருவியைக் கொணர்ந்தான். பொருத்த வந்த பணியாளர், சிவப்பும் வெள்ளையுமான செருகிகளையுடைய பழைய கம்பியால் தொலைக்காட்சியோடு அதனை இணைத்துச் சென்றார். கூடம் அதிர்ந்தது. உம்மாவோ, “சத்தம் நிறைய வருது வாப்பா, பேசுறதுதான் விளங்கல்லே” என்று கூறித் தம் அறைக்குச் சென்றுவிட்டார்கள். அன்றுதான் இதன் காரணத்தை ஆராயத் தலைப்பட்டேன்.

சிவப்பு வலப்புறம், வெள்ளை இடப்புறம். அக்கம்பி சுமப்பது இரண்டே தடங்கள். திரைப்படங்களில் உரையாடலின் பெரும்பகுதியைத் தாங்குவதோ, தொலைக்காட்சியின் கீழ் வைக்கப்படும் நடுப்பெட்டி. அதற்கென ஒரு தடம் வராமையால், எங்கள் வீட்டில் அது ஊமையாய் இருந்தது.

மாற்று வழிகள் இரண்டு இருந்தன. ஒன்று, தோஷிபா நிறுவனம் 1983-இல் அறிமுகப்படுத்திய ஒளியிழை இணைப்பு. மின்சாரத்திற்குப் பதில் ஒளியே செல்வதால், கம்பி வழியே மின் இரைச்சல் புகாது. சுருக்கப்பட்ட வடிவில் எல்லாத் தடங்களையும் அது கடத்தும். முனையிலுள்ள பிளாஸ்டிக் மூடியை நீக்கிச் செருக வேண்டும். இழையைக் கூர்மையாக மடித்தலாகாது.

மற்றொன்று எச்.டி.எம்.ஐ. கம்பி. 2009-இல் வெளிவந்த அதன் 1.4 பதிப்பில் ‘ஏ.ஆர்.சி.’ எனும் வசதி சேர்ந்தது. படம் வரும் அதே கம்பியில், தொலைக்காட்சியின் ஒலி கருவிக்குத் திரும்பிச் செல்லும். 2017-இல் வந்த 2.1 பதிப்பின் ‘இ-ஏ.ஆர்.சி.’, சுருக்கப்படாத பலதட ஒலியையும் தாங்க வல்லது.

எங்கள் தேவைக்கு இரண்டும் போதுமானவையே. முடிவு செய்தது உம்மாவின் விரல்கள். எச்.டி.எம்.ஐ. வழியில், இரு கருவிகளிலும் அதற்குரிய வசதி இருப்பின், தொலைக்காட்சியின் ரிமோட் ஒன்றாலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். இரண்டு ரிமோட்டுகளிடையே முதியவர்கள் தடுமாற வேண்டியதில்லை. ஆகவே அதனையே தேர்ந்தோம்.

கடையில், தங்கமுலாம் பூசிய விலையுயர்ந்த கம்பியே சிறந்தது என வற்புறுத்தினார்கள். எண்களாகச் செல்லும் ஒலி, குறுந்தொலைவில், தரமான சாதாரணக் கம்பியிலும் மாறாமல் சென்று சேரும். இரண்டு மீட்டர் கம்பி எங்களுக்குப் போதுமாயிற்று.

இணைப்போடு வேலை முடிவதில்லை. இரு முனைகளையும் ‘ஏ.ஆர்.சி.’ என்று குறிக்கப்பட்ட துளைகளிலேயே செருக வேண்டும். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் ‘பி.சி.எம்.’ என்றிருந்தால், பெரும்பாலும் இரு தடங்களே வரும்; ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘ஆட்டோ’ என மாற்றுக. செய்தி ஒளிபரப்புகள் பெரும்பாலும் இருதட ஒலியிலேயே வருவதால், குரலை நடுப்பெட்டிக்குப் பிரித்தனுப்பும் முறையைக் கருவியில் தேர்ந்து, அப்பெட்டியின் அளவை மட்டும் மூன்று நான்கு டெசிபல் உயர்த்தினோம். மொத்த ஒலியை முன்னிலும் குறைக்க முடிந்தது. பிள்ளைகளின் படிப்பும் அண்டை வீட்டாரின் உறக்கமும் கெடவில்லை. உம்மா இப்போது எங்களோடு அமர்ந்து, செய்திகளைக் குறித்து விவாதிக்கவும் செய்கிறார்கள்.

அன்புச் சகோதர சகோதரிகளே! செவி மருத்துவரின் பரிசோதனைக்கு எந்தக் கருவியும் ஈடாகாது; அதனைத் தள்ளிப்போடாதீர்கள். கருவி வாங்கும்போது, அது எத்தனை வாட் என்று வினவுமுன், உங்கள் கூடத்தில் யார் யார் அமர்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.