11-ஆம் நம்பருக்கு ரெண்டு பேர்

இப்ப பேங்க்ல சேர்ற பசங்ககிட்ட, ஒரு காலத்துல சர்வர் கிளைக்குள்ளேயே, அலமாரி சைஸ் ரூம்ல இருந்துச்சுன்னு சொன்னா சிரிக்கறாங்க. கோர் பேங்கிங் வர்றதுக்கு முன்னாடி அப்படித்தான். எஸ்.சி.ஓ. யூனிக்ஸ், ஒரு ஸ்கஸி டிஸ்க், சீரியல் கார்டுல தொங்கற டெர்மினல்கள். கிளையோட மொத்த லெட்ஜரும் அந்த ஒரு டிஸ்க்ல.

2003-ல் நான் ஜபல்பூர்ல இருந்தேன். படிச்சது பி.காம். ஆனா மதராசின்னா கம்ப்யூட்டர் தெரியும்னு அங்க ஒரு நம்பிக்கை, அதனால சர்வர் ரூம் சாவி என்கிட்ட. ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள்ல ரிட்டயர் ஆனவங்க கணக்கு நிறைய. மாசக் கடைசியில வரிசை ரோடு வரைக்கும் நிக்கும்.

அப்படி ஒரு மாசக் கடைசிக்கு ரெண்டு நாள் முன்னாடி சர்வர் உறைய ஆரம்பிச்சது. சும்மா இருந்தா ஓடும். டே எண்ட் போட்டா டிஸ்க் லைட் அப்படியே எரிஞ்சு நிக்கும். சப்ளையர் அனுப்பின இன்ஜினியர் பார்த்துட்டு, "டிஸ்க் போச்சு சார், மாத்திடலாம்"னார். கையில இருந்தது முந்தின நாள் டேப். அன்னிக்கு வவுச்சரெல்லாம் மறுபடி அடிக்கணும், பென்ஷன் தள்ளிப்போகும்.

எனக்கு ஒண்ணுதான் உறுத்துச்சு. முந்தின வாரம்தான் புது நெட்வொர்க் கார்டு போட்டிருந்தாங்க. அதுவரைக்கும் டிஸ்க் நல்லாத்தானே இருந்துச்சு?

எஸ்.சி.ஓ.-ல ஹெச்டபிள்யூகான்ஃபிக்னு ஒரு கமாண்ட். எந்த சாதனம் எந்த போர்ட், எந்த இன்டரப்ட், எந்த டி.எம்.ஏ.ன்னு பத்தி பிரிச்சுக் காட்டும். டிரயல் பேலன்ஸ் பார்க்கறவனுக்குப் பழக்கமான வடிவம். அடாப்டெக் 1542 கண்ட்ரோலருக்கு போர்ட் 330, இன்டரப்ட் 11, டி.எம்.ஏ. 5. வர்றப்பவே அப்படித்தான் செட் ஆகி வரும். நாலு வரி கீழே நெட்வொர்க் கார்டு. அதுக்கும் 11!

1542 பழைய ஐ.எஸ்.ஏ. கார்டு, இன்டரப்ட்டை யாரோடயும் பங்கு போட்டுக்காது. நெட்வொர்க் கார்டு பி.சி.ஐ., அதுக்கு பயாஸே காலி நம்பர் பார்த்துக் கொடுக்கும். பழைய கார்டு 11-ல உக்காந்திருக்கறது பயாஸுக்குத் தெரியாது. ரயில்ல சார்ட்ல பேர் இல்லாம உக்காந்திருக்கற ஆள் மாதிரி. டிடிஇ அதே சீட்டை இன்னொருத்தருக்குக் கொடுத்துட்டார், அவ்வளவுதான்.

பயாஸ்ல 11-ஐ 'லெகசி ஐ.எஸ்.ஏ.'க்குன்னு ஒதுக்கினோம். நெட்வொர்க் கார்டு 10-க்குப் போச்சு. டே எண்ட் ஒரே மூச்சுல முடிஞ்சது. இன்ஜினியர் ஒண்ணும் பேசலை, டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர் கொண்டுவந்த டிஸ்க்கை ரெண்டாவதா சேர்த்துக்கிட்டோம். பழைய டிஸ்க் ஐ.டி. 0, கண்ட்ரோலர் 7, அதனால புதுசுக்கு ஜம்பர் மாத்தி 1. டெர்மினேட்டர் கேபிளோட ரெண்டு முனையில மட்டும். அப்புறம் 'எம்கேடெவ் ஹெச்டி'யை ரெண்டு தடவை ஓட்டணும். முதல் தடவை கெர்னல்ல பதிவு மட்டும்தான். ரீபூட் பண்ணி மறுபடி ஓட்டினாதான் பார்ட்டிஷன். அங்க தப்பான டிஸ்க்கைக் காட்டினா லெட்ஜர் மேலேயே பார்ட்டிஷன் விழும். அதனால ஒவ்வொரு நம்பரையும் நான் வாசிக்க, அவர் அடிச்சார், வால்ட்டை ரெண்டு சாவி போட்டுத் திறக்கற மாதிரி.