பொத்தான்களின் தோல்

பழைய சொகுசுக் கார்களுக்கென்றே ஒரு நோய் உண்டு. இன்ஜின் நன்றாகவே ஓடும். தோல் இருக்கைகள் சற்றுச் சுருங்கியிருந்தாலும் அவற்றின் கம்பீரம் குறைந்திராது. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டகம் மூடுவதுபோன்ற அந்தக் கனத்த ஓசையும் மாறாமல் இருக்கும். ஆனால் கண்ணாடியை இறக்குவதற்காகப் பொத்தானில் விரலை வைத்தால், பொத்தான் விரலை விட மறுக்கும். பலாப்பழம் அரிந்த கையைப்போல் ஒரு பிசுக்கு. இழுத்து எடுத்தால் விரல் நுனியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கும். வேட்டியில் துடைத்தால் வேட்டி போயிற்று.

இந்த நோய்க்கு ஏழை பணக்காரன் பேதம் உண்டு என்பதுதான் வேடிக்கை. 1990களில் வந்த மாருதி 800இன் கடினமான பிளாஸ்டிக் குமிழ்கள் இருபத்தைந்து ஆண்டு வெயிலில் வெளிறினவே தவிர ஒட்டவில்லை. 1999இல் அறிமுகமான ஃபெராரி 360 மோடெனாவிலும், 2003இல் வந்த மாஸெராட்டி குவாட்ரோபோர்ட்டேயிலும் பொத்தான்கள் ஒட்டும். பழைய கார் ஆர்வலர்கள் அத்தனை பேரும் அறிந்த சங்கதி இது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அந்தப் பொத்தான்களைக் கழற்றி வாங்கி, சுரண்டி, புதுப்பூச்சு பூசித் திருப்பி அனுப்புவதையே பிழைப்பாகக் கொண்ட பட்டறைகள் இருக்கின்றன. கார் என்றில்லை. அதே காலத்துத் தொலைநோக்கிகள், கைப்பேசிகள், மடிக்கணினிகளின் மேல்மூடிகள், விலையுயர்ந்த குடைகளின் கைப்பிடிகள் ஆகியவற்றிலும் இதைக் காணலாம். எது தொடுவதற்கு இதமாக இருக்கவேண்டும் என்று செய்யப்பட்டதோ, அதுவே தொட முடியாததாகிப் போகிறது.

காரணம் எளிது. சொகுசுக் காரின் பொத்தானும் சாதாரணக் காரின் பொத்தானும் உள்ளே ஒரே வகைப் பிளாஸ்டிக்தான். அச்சில் வார்த்தெடுக்கும் மலிவான பண்டம். கண்ணுக்கு அதைக் கறுப்பாகவும் மங்கலாகவும் காட்டிவிடலாம். விரல் எளிதில் ஏமாறாது. ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'தொன்மவியல்கள்' நூலில், 1955 பாரிஸ் கண்காட்சிக்கு வந்த சித்ரோன் டி.எஸ். காரைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. கண்காட்சிக்கு வந்த மக்கள் அந்தக் காரைத் தடவித் தடவிப் பார்த்ததை அவர் கவனிக்கிறார். பார்வை மயங்கும், தொடுகை மயக்கத்தைத் தெளிவிக்கும் என்ற பொருள்பட எழுதுகிறார். அவருக்குப் பின்வந்த தலைமுறையின் வடிவமைப்பாளர்கள் அந்தத் தொடுகையையும் மயக்கக் கற்றுக்கொண்டார்கள். பிளாஸ்டிக்கின்மேல் தலைமுடியின் தடிமன்கூட இல்லாத ஒரு பாலியூரித்தேன் பூச்சு. தொட்டால் ரப்பரா, மெல்லிய தோலா, பீச் பழத்தின் மேற்புறமா என்று விரல் தடுமாறும். வாங்கும் நாளில் அந்தத் தடுமாற்றத்துக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம்.

அந்தப் பூச்சின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். மென்மையாக இருக்கவேண்டும் என்பதற்காகவே அவை நெருக்கமாகப் பின்னப்படாமல் தளர்வாக விடப்படுகின்றன. பல பூச்சுகளில் சங்கிலியின் கண்ணிகளை இணைப்பவை எஸ்டர் பிணைப்புகள். காற்றிலிருக்கும் ஈரம் அந்தப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. அறுந்த இடத்தில் அமிலம் பிறக்கிறது. அந்த அமிலம் அடுத்த பிணைப்பு அறுவதை விரைவுபடுத்துகிறது. ஆகவே, பல ஆண்டுகள் ஒன்றுமே தெரியாது. பிறகு ஒரே கோடையில் எல்லாம் இளகிவிடும். வெப்பம் இதற்குத் துணை. கையின் எண்ணெய்ப் பசையும் துணை. 2020இல் கைகளில் கிருமிநாசினியைப் பூசிக்கொண்டு, அது உலருமுன்னே காரில் ஏறினோமே, அந்தச் சாராயமும் தன் பங்குக்கு உதவியது.

இதே வேதியியல் இசை ஆவணக் காப்பாளர்களின் உறக்கத்தையும் கெடுத்திருக்கிறது. 1970களிலும் 80களிலும் தயாரான ஒலிநாடாக்கள் பலவற்றில் காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருந்ததும் பாலியூரித்தேன் பசைதான். ஈரம் ஏறினால் அது பிசுபிசுத்து, நாடா ஓடும்போது இயந்திரத்தின் தலையில் ஒட்டிக்கொண்டு கீச்சிடும். அத்தகைய நாடாக்களை ஐம்பது டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலான சூட்டில் பல மணி நேரம் வாட்டி எடுப்பார்கள். சில வாரங்களுக்குச் சரியாக ஓடும். அதற்குள் வேறொன்றில் பதிந்துகொள்ள வேண்டும். கார் பொத்தானுக்கு அந்த வைத்தியமும் இல்லை. வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் ஐம்பது டிகிரியை எளிதாகக் கடக்கிறது. வாட்டுவதில் குறை ஒன்றுமில்லை. அதுவே நோயை முற்றவைக்கிறது.

எங்கள் அண்ணனுடைய கார் 2006இல் தயாரான ஓர் ஐரோப்பியக் கார். பெயர் இங்கே வேண்டாம். 2013இல் இரண்டாவது உரிமையாளரிடமிருந்து வாங்கினார். திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகும் தொலைவில், கூரையில்லாத இடத்தில் அது எட்டாண்டு நின்றது. உப்புக்காற்று, ஈரம், சித்திரை வெயில். 2021 மே மாதத்தில் அண்ணன் காலமானார். பதிவின் பதினைந்து ஆண்டுகள் முடிந்தபோது அலைந்து திரிந்து ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தவர் அண்ணி. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. 2023இல், பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தை முன்னிட்டு, விற்றுவிடுவது என்று முடிவாயிற்று.

பார்க்க வந்த மூவரும் ஒன்றையே செய்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, ஒரு பொத்தானைத் தொட்டு, விரலைப் பார்த்து, முகம் சுளித்தார்கள். ஒருவர் கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தார். ஐந்து நிமிடத்துக்குமுன் அவரே பாராட்டிய இன்ஜின் அதற்குள் மறந்துபோயிற்று. அந்த மூன்றில் ஒரு பங்கு ஏறத்தாழ ஓராண்டுக் கட்டணம். அதைத் துடைத்து எடுக்கும் வேலையைச் சகோதரர்கள் இருவரும் ஏற்றுக்கொண்டோம்.

செய்முறையில் பெரிய மர்மம் இல்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு லிட்டர், மைக்ரோஃபைபர் துணி பத்துப் பன்னிரண்டு, காது குடையும் பஞ்சுக்குச்சிகள், பல்குத்திகள், ஒரு பழைய பல்துலக்கி. நெயில் பாலிஷ் அகற்றும் அசிட்டோனை மட்டும் நாடக்கூடாது. அது பூச்சோடு சேர்த்து அடியிலிருக்கும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். முகப்பவுடரைத் தூவினால் சில நாள் பிசுக்கு மறையும். விற்றுவிட்டு ஓடிவிட நினைப்பவர்களின் உத்தி அது. ஆல்கஹாலைப் பொத்தானில் நேராக ஊற்றாமல் துணியில் நனைத்துத் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே மின்சுற்றுக்கு இறங்கும். தோல் இருக்கையில் ஒரு சொட்டு விழுந்தாலும் அதன் மெருகு போய்விடும் என்பதால் பழைய போர்வையால் மூடிக்கொண்டோம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, நான்கு கதவுகளையும் திறந்துவைத்து, பக்கத்தில் யாரையும் பீடி பற்றவைக்க விடாமல் வேலையைத் தொடங்கினோம்.

முதல் துடைப்பில் கறுப்பு கிளம்பிவரும் வேகத்தைப் பார்த்தால் வேலை அரைமணியில் முடிந்துவிடும் என்று தோன்றும். முடியாது. முதலில் வருவது இளகிய மேற்பகுதி மட்டும். அடியில் இன்னும் கெடாத பூச்சு பிளாஸ்டிக்கைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். அதை ஊறவைத்து, காத்திருந்து, மீண்டும் தேய்க்கவேண்டும். துணியின் ஒரே பக்கத்தை இரண்டாம் முறை பயன்படுத்தினால் எடுத்த கறுப்பையே திரும்பப் பூசுகிறோம். பொத்தானின் விளிம்புகளில், இரு பொத்தான்களுக்கு இடையிலான மயிரிழைச் சந்தில், பல்குத்தியில் துணி சுற்றித்தான் போகமுடியும். ஏ.சி. பொத்தான்கள் பதினான்குக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

குறியீடுகள்தான் உண்மையான சிக்கல். பல கார்களில் பொத்தானின் உடல், ஒளி ஊடுருவும் வெள்ளைப் பிளாஸ்டிக். அதன்மேல் கறுப்புப் பூச்சு பூசி, விசிறியோ விளக்கோ எந்தப் படம் வேண்டுமோ அந்த இடத்தில் மட்டும் லேசரால் பூச்சை எரித்து எடுத்திருப்பார்கள். இரவில் அந்த இடைவெளி வழியே ஒளி வரும். அதாவது படம் என்று தனியாக எதுவும் இல்லை. பூச்சு இல்லாத இடமே படம். பூச்சு முழுவதும் போனால் படமும் போய், பொத்தான் முழுக்க ஒளிரும். எங்கள் நல்வினை, அந்தக் காரில் பெரும்பாலானவை கறுப்புப் பிளாஸ்டிக். குறியீடுகள் மென்பூச்சுக்கு அடியில் வேறொரு மையில் அச்சிடப்பட்டிருந்தன. மெதுவாகத் தேய்த்தால் நின்றன. இரண்டு மட்டும் நிற்கவில்லை.

பூச்சு நீங்கியபின் தென்பட்ட பொத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். சற்றுப் பளபளப்பான, கடினமான, யாரையும் கவர முயலாத கறுப்புப் பிளாஸ்டிக். நகத்தால் தட்டினால் டக்கென்று ஓசை. மாருதி 800இன் தூரத்து உறவு. பட்டறைக்கு அனுப்பினால் புதிய மென்பூச்சு பூசித் தருவார்கள். அதற்குப் பணமில்லை என்பது ஒருபுறம், எங்களுக்கு மனமும் இல்லை. எங்கள் வீட்டு ஊஞ்சல் பலகையும் அரிவாள்மணைக் கட்டையும் மூன்று தலைமுறைக் கைபட்டு வழவழப்பாகியிருக்கின்றன. தொடத் தொட மேம்படும் பொருள்கள் அவை. இந்தப் பூச்சோ முதல் நாளே உச்சத்தில் இருந்துவிட்டு, தொடத் தொட இறங்குகிறது. நல்ல காரைச் செய்யத் தெரிந்தவர்கள் பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்காகவே விட்டிருக்கலாம்.

இவ்வளவு பேசினாலும், ஓட்டுநர் பக்கக் கதவின் கண்ணாடிச் சுவிட்சை நாங்கள் கடைசிவரை தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம். சமிக்ஞையில் நிற்கும்போது அண்ணன் வலதுகைக் கட்டைவிரல் நகத்தை அந்தச் சுவிட்சின்மேல் ஊன்றி வைத்திருப்பார். இளகிய பூச்சில் பிறைபிறையாக ஐந்தாறு தடங்கள். பூச்சு கெட்டுப்போயிருந்ததால்தான் அவை பதிந்தன. நல்ல நிலையில் இருந்திருந்தால் பதிந்திருக்காது. எங்களில் இளையவருக்கு அதைக் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டு, வேறொரு சுவிட்சை வாங்கிப் பொருத்திவிடலாம் என்று எண்ணம். விசாரித்தோம். பழைய பாகம் கிடைத்தது. விலை கேட்டபின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மேலும், வைத்துக்கொண்டாலும் என்ன ஆகும்? பூச்சு தொடர்ந்து இளகிக்கொண்டேயிருக்கும். தடங்கள் தாமாகவே மூடிக்கொள்ளும்.

இரண்டாம் ஞாயிறு மாலை அண்ணி தேநீர் கொண்டுவந்தார். கழுவித் துடைத்ததுபோன்ற பொத்தான் வரிசையைப் பார்த்தார். அந்தச் சுவிட்சையும் பார்த்தார்.

"இது மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்கீங்க தம்பி?"

நாங்கள் சொன்னோம். அவர் சற்று நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு நகம் வெட்டுன்னு வாரா வாரம் சொல்லணும்" என்றார். பிறகு துணியை வாங்கி, நாங்கள் செய்வதைப் பார்த்துப் பழகியவர்போல ஆல்கஹாலில் நனைத்து, சுவிட்சின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தார். ஊறட்டும் என்று நாங்கள் சொல்லவேண்டியிருக்கவில்லை. நான்கைந்து முறை தேய்த்தார். அடியிலிருந்த பிளாஸ்டிக்கில் ஒரு கீறல்கூட இல்லை. கறுத்த துணியை மற்றத் துணிகளோடு போட்டுவிட்டு, "தேத்தண்ணி ஆறுது" என்று சொல்லி உள்ளே போனார்.

அடுத்து வந்தவர் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார். விரலைப் பார்க்கவில்லை. ஏ.சி.யின் குளிர்ச்சி போதாது என்று சொல்லிச் சிறு தொகை குறைத்து எடுத்துக்கொண்டார். குறியீடு அழிந்த இரண்டு பொத்தான்களுக்காக ஒரு துண்டுத்தாளில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு கொடுத்தோம்: இடமிருந்து மூன்றாவது, பின்கண்ணாடி ஈரம் நீக்க, அதற்கு அடுத்தது, உள்காற்றைச் சுழற்ற.