மாத்திரைப் பையோடு ஓர் ஊசியும்

தேவனாம்பட்டினத்தில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஃப்ளூ காய்ச்சலும் இருமலும்தான். இளவட்டங்கள் கஷாயம் குடித்துச் சமாளித்துவிடுவார்கள். சர்க்கரை, இதயநோய், ஆஸ்துமா உள்ள பெரியவர்களை அதே ஃப்ளூ நிமோனியா வரை கொண்டுபோகும், மாரடைப்பைக்கூடத் தூண்டும்.

எங்கள் பெரியம்மா நெஞ்சுவலிக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீடு திரும்பியபோது பை நிறைய மாத்திரை கொடுத்தார்கள், பத்தியம் சொன்னார்கள். ஃப்ளூ ஊசி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைக் கேட்பது யாருடைய வேலை என்று எங்கும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுதிவைக்க முடியும். அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் டாக்டர் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதித்தரும்வரை காத்திராமல், தகுதி பார்த்து நர்ஸே ஊசி போட நிலையான உத்தரவு உண்டு. அதனால் போட்டுக்கொள்வோர் எண்ணிக்கை கூடியிருக்கிறது. நம்மிடமும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் பிரஷர், சுகர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்த மாத்திரை வாங்குவோர் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் இந்த ஊசி முதலில் வேண்டும்.

காசுதான் பெரிய தடை. வெளியில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் வருஷாவருஷம் வேறு போடவேண்டும். கடலுக்குப் போய்ப் பிழைக்கும் குடும்பம் எங்கே போகும்? அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே தரவேண்டும்.

ஊசி போட்டால் ஃப்ளூவே வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். அதில் இருப்பது செயலிழந்த கிருமி. கைவலி, லேசான உடம்புசூடு ஓரிரு நாள் இருக்கலாம். பலன் கிடைக்க இரண்டு வாரம் ஆகும், அதனால் மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.