அடக்கிச் சொன்னால் ஆறாது

தில்லியின் ஜனவரிக் குளிரில் இரவு மூன்று மணிக்கு ஒருவர் கழிப்பறைக்கு எழுந்து போவது பெரிய செய்தியல்ல. அந்த இரவில் அது நான்காவது முறை என்றால், ஒவ்வொரு முறையும் தண்ணீர் பட்டதும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தால், அது செய்திதான். ஆனால் அந்தத் தமிழாசிரியை அதை யாரிடமும் சொல்லவில்லை. கணவர் விழித்துவிடக் கூடாதே என்று அறை விளக்கைக்கூடப் போடவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருந்த சிறு நோட்டில் ஒரு கோடு மட்டும் கிழித்துவிட்டுப் படுத்தார். விடிந்ததும் எண்ணிப் பார்த்தார். 24 மணி நேரத்தில் 15 கோடுகள்.

அப்போது அவருக்கு வயது 41. பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி ரத்தமாகப் போகும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயோடு 11 ஆண்டுகள் போராடியவர். மாத்திரைகள், ஸ்டீராய்டு, ரத்தம் ஏற்றுதல் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் பெருங்குடலையும் மலக்குடலையும் அகற்றிவிடுவது என்று முடிவானது. சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து, ஒரு பை போலாக்கி, ஆசனவாயுடன் இணைத்தார்கள். மடிப்பு ஆங்கில 'ஜே' எழுத்தைப் போலிருப்பதால் அதற்கு ஜே-பவுச் என்று பெயர். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும் இத்தகைய அறுவை பற்றி 1978இல் எழுதினார்கள். ஜப்பானின் உட்சுனோமியா 1980இல் 'ஜே' வடிவத்தைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பெல்லாம், இந்த நோய்க்குக் குடலைப் பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோர் வயிற்றின் மேல் ஒட்டிய பையுடனேயே ஆயுளைக் கழிக்க வேண்டியிருந்தது.

ஆசிரியைக்கும் அந்த வெளிப்பை இருந்தது. மூன்று மாதம் மட்டும். உள்ளே தையல்கள் ஆறியதும் வழியைத் திருப்பிவிட்டார்கள். "இனிமே எல்லாம் பழையபடிதான்" என்று ஊரிலிருந்து உறவினர்கள் ஃபோனில் சந்தோஷப்பட்டார்கள். பழையபடி இல்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

காரணம் எளியது. நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்த பெருங்குடல் இப்போது இல்லை. புதிய பை சிறியது. அது விரிந்து கொடுக்க மாதங்கள் ஆகும். அதுவரை வருவது கூழாகவும் நீராகவும் வரும். சிறுகுடலின் ஜீரண நீர்களும் பித்த அமிலங்களும் அதில் கலந்திருக்கும். அவை தோலில் பட்டால் தோல் வெந்துபோகும். ஒரு நாளில் 15 முறை பட்டால் உட்கார முடியாது.

உட்கார முடியாதது மட்டுமல்ல, பிரச்சினை. இரண்டு மாதத்தில் விடுப்பு முடிகிறது. ஒரு பீரியட் 40 நிமிடம். அவருடைய நோட்டின்படி இரண்டு கோடுகளுக்கு இடையே 40 நிமிடம் கிடைப்பது நிச்சயமில்லை. ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதிப் பார்க்க ஆரம்பித்தார்.

பரிசோதனைக்குப் போனபோது சர்ஜன் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை முறை?" ஆசிரியை "ஏழெட்டு" என்றார். "வேறு ஏதாவது தொந்தரவு?" "இல்லை." நோட்டு கைப்பையிலேயே கிடந்தது.

ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு இடக்கரடக்கல் பாடம் நடத்துபவர் அவர். பலர் முன் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது என்று விளக்கம் சொல்லி, 'கால் கழுவி வந்தான்' என்று உதாரணம் கொடுப்பார். வகுப்பு சிரிக்கும். டாக்டரிடம் பேசியது ஆங்கிலத்தில்தான். ஆனால் எந்த மொழியில் வாயைத் திறந்தாலும் மனம் தமிழில் கூசியது. நோய் இருந்தபோது 'வயிறு சரியில்லை' என்ற இரண்டு சொற்களில் 11 ஆண்டுகளை ஓட்டிவிட்டவர். இப்போதைய வலிக்கு அப்படி ஒரு மறைப்புச் சொல்கூட இல்லை.

அதை உடைத்தவர் அறைக்கு வெளியே நின்ற மலையாள நர்ஸ். வெளிப்பை இருந்த காலத்தில் அதைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுத்தவர். ஆசிரியை நாற்காலி நுனியில் ஒருக்களித்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, "டீச்சர், எரியுதா? தோலு பொட்டிப் போச்சா?" என்று நேராகக் கேட்டார். ஆசிரியைக்கு அழுகை வந்துவிட்டது. நோட்டை எடுத்துக் கொடுத்தார். நர்ஸ் அவரைத் திரும்ப உள்ளே கூட்டிக்கொண்டு போய் நோட்டை சர்ஜனின் மேஜைமேல் வைத்தார். 15 என்ற எண்ணைப் பார்த்ததும் வைத்தியமே மாறியது.

சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு லோபரமைட் மாத்திரை. குடலின் ஓட்டத்தைத் தணிக்க. சாப்பாட்டோடு கொஞ்சம் தண்ணீரில் கலந்த இசப்கோல். துணைக்கு வந்திருந்த அம்மா, "அது மலச்சிக்கலுக்கு இல்லையாடி கொடுப்பாங்க?" என்று திகைத்தார். தண்ணீரை ஏராளமாகக் குடித்தால் அது இளக்கும். குறைவான நீரில் எடுத்தால் உள்ளே இருக்கும் நீரை இழுத்துக் கெட்டியாக்கும். எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தோலுக்கும் ஒரு முறை இருந்தது. கழிப்பறைக் குழாயைப் பீய்ச்சி அடிக்காமல், சொம்பிலிருந்து வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றிக் கழுவுவது. வாசனை சோப்பும் வாசனைத் தாளும் கூடாது. துடைக்காமல், பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பது. நன்றாக உலர்ந்த பிறகு, தோலுக்குக் கவசமாக ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு. மிகவும் எரிந்தால் பத்து நிமிடம் வெந்நீர்த் தொட்டியில் உட்காருவது. காகிதத்தால் துடைக்கும் தேசங்களில் இதே அறுவை செய்துகொண்டவர்களுக்கு முதலில் தரும் யோசனை, தண்ணீரால் கழுவுங்கள் என்பது. அந்த ஒரு விஷயத்தில் நம் வழக்கம் ஏற்கனவே கைகொடுக்கிறது.

அடுப்படியில் அம்மா பொறுப்பேற்றார். மிளகாயின் காரம் ஜீரணமாகிக் காணாமல் போவதில்லை, வெளியேறும்போதும் எரிக்கும் என்று தெரிந்ததும் சாம்பாரில் மிளகாய் நின்றது. குழைந்த சாதம், தயிர், வாழைப்பழம், உருளைக்கிழங்கு வந்தன. விதைகளும் நார்க் காய்களும் சில மாதங்களுக்கு விலக்கப்பட்டன. உப்பும் நீரும் உடலில் குறைந்துவிடும் என்பதால் உப்புப் போட்ட மோரும், மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலும். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கே. ஃபில்டர் காபி அரை டம்ளரானதுதான் பெரிய தியாகம் என்கிறார் ஆசிரியை.

ஆறு வாரத்தில் 15 பத்தானது. அதோடு அவர் இன்னொன்றும் செய்தார். தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்த்து, இந்த முறை எதையும் அடக்காமல் சொன்னார்: குடல் இல்லை, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போக வேண்டியிருக்கிறது, சில சமயம் வகுப்பு நடுவில் எழுந்து போவேன். தலைமை ஆசிரியை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவருடைய வகுப்புகளைத் தரைத்தளத்தில், ஆசிரியர் கழிப்பறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார். ராஜினாமாக் கடிதம் மனதுக்குள்ளேயே நின்றுவிட்டது.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. ஓராண்டு கழித்துத் திடீரென்று எண்ணிக்கை ஏறியது, காய்ச்சல் அடித்தது. பையே வீங்கி அழற்சி கண்டிருந்தது. பவுச்சைடிஸ் என்கிறார்கள், இந்த அறுவை செய்தவர்களுக்குப் பரவலாக வருவதுதான். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளில் அடங்கியது. எரிச்சலைக் களிம்பால் சமாளிக்கலாம்; காய்ச்சல், ரத்தம், திடீர் ஏற்றம் என்றால் காத்திருக்கக் கூடாது என்பதை அப்போது கற்றுக்கொண்டார். இந்த முறை முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தார். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லவில்லை.

இன்று பகலில் ஐந்தாறு முறை, இரவில் ஒரு முறை. இந்தப் பையோடு வாழ்பவர்களுக்கு இது நல்ல கணக்கு. சென்ற கோடையில் ரயிலில் ஊருக்குப் போய் வந்தார். இரண்டு இரவுப் பயணம். பெட்டியின் கோடியில், எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கும் கழிப்பறைப் பக்கத்து பெர்த்தைக் கேட்டு வாங்கினார். கைப்பையில் தண்ணீர் பாட்டில், வேட்டித் துணி, களிம்பு. எதிர் சீட்டு அம்மாள், "அடிக்கடி எழுந்து போறீங்களே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

'வயிறு சரியில்லை' என்று சொல்லியிருக்கலாம். ஆசிரியை நடந்ததைச் சொன்னார். கேட்டு முடித்த அந்த அம்மாள் சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் மகனுக்கு ஒரு வருஷமாக ரத்தமாகப் போகிறது, வெளியே சொல்ல வெட்கப்படுகிறான் என்றார்.

ஆசிரியை கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். ஒரு தாளைக் கிழித்து, தன் டாக்டரின் பெயரையும் ஆஸ்பத்திரி ஃபோன் எண்ணையும் எழுதிக் கொடுத்தார்.