பெயரில் மட்டும் மிளகு

அக்டோபர் 18, சனி

டிரெஸ்டனிலிருந்து காமென்ட்ஸ் போகும் ரயிலைப் பிடித்து, பத்து மணிக்கெல்லாம் புல்ஸ்நிட்ஸில் இறங்கிவிட்டேன். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் ஏழாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். சந்தைச் சதுக்கத்தில் சிற்பி ஏர்ன்ஸ்ட் ரீட்ஷெல் சிலையாக நிற்கிறார். வைமாரில் கோத்தேயையும் ஷில்லரையும் ஒரே பீடத்தில் நிறுத்தியவர். 1804-இல் இங்கே பிறந்தவர். ஆனால் மயிலாடுதுறைக்காரனான நான் வந்தது இன்னொருவருக்காக. 1682-இல் இதே ஊரில் தானிய வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்து, பின்னாளில் எங்கள் பக்கத்துத் தரங்கம்பாடிக்கு மதபோதகராக வந்த சீகன்பால்குக்காக.

அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரின் தேவாலயத்தைத் தேடிக் கிளம்பியவனை மூக்கு வழிமறித்தது. தெருவெங்கும் கிராம்பும் பட்டையும் மணந்தன. பெஃபர்கூகன். நம் சொல்லில் மிளகுக் கேக். ரொட்டிக்காரர்கள் இதைச் சுட 1558-லேயே அனுமதி வாங்கிய ஊர் இது. கடையில் ஒன்றைக் கடித்தேன். பொரிவிளங்காய் உருண்டைக்கு உறவுமுறை சொல்லலாம், அப்படியொரு கெட்டி. வெண்ணெய், பால், முட்டை எதுவும் கிடையாது. மாவும் தேனோ சர்க்கரைப்பாகோ சேர்த்துப் பிசைந்து, மரத்தொட்டியில் வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். சுடப்போகும்போதுதான் ஏலம், ஜாதிக்காய், கொத்தமல்லி எல்லாம் சேருகின்றன.

"மிளகு எவ்வளவு போடுவீர்கள்?" என்றேன்.

"போடுவதில்லை" என்று சிரித்தார் கடைக்கார அம்மா. அந்தக் காலத்தில் கடல் கடந்து வந்த வாசனைச் சரக்கு எதுவானாலும் இவர்களுக்கு 'மிளகு'தானாம்.

மாலையில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அந்தச் சொல்லே மனதில் ஓடியது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கால் வைத்தது மிளகு வாங்கத்தான். அவர்கள் கப்பலில்தான் 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கினார். மதம் பரப்ப வந்தவர், முதலில் மணலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகவேண்டியிருந்தது. பிறகு அச்சகம் வந்தது. ஹாலே நகரில் வார்த்தனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கின. தரங்கம்பாடியிலேயே சிறியதாக வார்த்துக்கொண்டார்கள். 1716-இல் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயில் லத்தீனில் அச்சேறியது. கப்பல்கள் அதுவரை மிளகைத்தான் கொண்டுபோயின. இப்போது இலக்கணமும் போய்ச் சேர்ந்தது. 1719-இல் முப்பத்தாறு வயதில் இறந்தார். தரங்கம்பாடியில் தாம் கட்டிய கோயிலிலேயே அடக்கமானார்.

அக்டோபர் 19, ஞாயிறு

வாங்கிவந்த பொட்டலம் இரவோடு இரவாக இன்னும் இறுகிவிட்டது. ஆப்பிள் துண்டு ஒன்றைப் போட்டு டப்பாவில் மூடிவைத்தால் இளகும் என்று கடைக்கார அம்மா சொல்லியிருந்தார். வைத்திருக்கிறேன். ஊருக்குக் கொண்டுபோனால் அம்மா கேட்கப்போவது தெரியும்: "மிளகுக் கேக்குன்னியேடா, காரமே இல்லையே?" பதில் சொல்ல நானூறு வருஷம் பின்னால் போகவேண்டும்.