24 லட்சமும் 1.1 டிகிரியும்

எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்த பையன் "பிஎச்.டி. பண்ணப் போறேன்" என்றால் வீட்டில் முதல் கேள்வி "எவ்வளவு தருவாங்க?" என்பதுதான். தப்பில்லை, நியாயமான கேள்வி.

கணக்கு இதுதான். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். 42,000. ஐந்து வருடத்துக்கு மொத்தம் 24 லட்சம். (வீட்டு வாடகைப்படி தனி!) ஆனால் உதவித்தொகை பொதுவாக ஐந்து வருடத்தோடு நின்றுவிடும், தீசிஸ் நிற்காது. அங்கேதான் இடிக்கும்.

அதிலும் செறிபொருள் இயற்பியல், குவாண்டம் பொருட்கள் என்று இறங்கினால் எந்தப் பக்கம் என்பது முக்கியம். தியரி என்றால் சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் மாதிரி இடங்களில் பேப்பரும் கம்ப்யூட்டரும் போதும். பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி., மும்பை டி.ஐ.எஃப்.ஆர். லேபுகளில் சோதனை என்றால் கதை வேறு. இந்தப் பொருட்களில் பல கடுங்குளிரில்தான் வித்தை காட்டும். திரவ ஹீலியம் 4.2 கெல்வினில் கொதிக்கும். இந்தியா அதற்கு இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. ஹீலியம் லேட் ஆனால் தீசிஸும் லேட். ஆகவே சேருமுன் கைடின் புகழை விசாரிப்பதோடு, ஆவியாகும் ஹீலியத்தைத் திரும்பப் பிடிக்கும் வசதி இருக்கிறதா என்றும் விசாரிப்பது உத்தமம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் போகிறார்கள்? 2018-ல் எம்.ஐ.டி.யில் பாப்லோ ஹாரியோ-எரேரோ குழுவினர் ஓரணு தடிமனுள்ள இரண்டு கிராஃபீன் தாள்களைச் சுமார் 1.1 டிகிரி திருப்பி அடுக்கினார்கள். எலக்ட்ரான் எண்ணிக்கையைச் சரிக்கட்டியதும், 1.7 கெல்வின் வாக்கில் மின்தடை காணாமல் போனது! அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் யுவான் சாவ், அப்போது பிஎச்.டி. மாணவர்.